வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு எந்த சைட்? மஸில்லோடர் சுடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மஸில்லோடர் என்பது குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல்லால் பற்றுவதும் உண்டு, கேப்பால், அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியால், பற்றுவதும் உண்டு. இதன் சைட், அதாவது குறிபார்க்கும் அமைப்பு, மிக எளிமையானது. குழல் முனையில் மெல்லிய தகடு ஒன்று, குழலின் பின்பாதியில் பள்ளம் வெட்டிய இரும்புத் துண்டு ஒன்று, அவ்வளவுதான். இளவயதுக் கண்ணுக்கு இது தாராளமாகப் போதும். 45-ஐத் தாண்டிய கண்ணைத்தான் இது பாடாய்ப் படுத்துகிறது. இனி நம்மால் ஆகாது என்று நல்ல ரைஃபிளை எண்ணெய் தடவி உள்ளே வைத்துவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு சரியான கண்ணாடி மட்டுமே. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

முன்பு கத்திபோலத் தெரிந்த முன் சைட் இப்போது ஏன் பஞ்சுபோலத் தெரிகிறது?

இரும்பு சைட்டில் குறிபார்க்கும்போது கண் மூன்று தூரங்களைச் சமாளிக்க வேண்டும். நீளக் குழல் ரைஃபிளில் பின் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 50 செ.மீ. தூரத்தில் இருக்கும். முன் சைட் ஏறத்தாழ 120 செ.மீ. தள்ளி இருக்கும். இலக்கு 50 மீட்டருக்கு அப்பால். ஒரே நேரத்தில் இந்த மூன்றையும் கூர்மையாகக் காட்ட எந்தக் கண்ணாலும் முடியாது. இளவயதில் கண்ணின் லென்ஸ் இளக்கமாக இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். மூன்றும் தெளிவாகத் தெரிவதுபோல ஒரு தோற்றம் கிடைக்கும். வயது ஏற ஏற அந்த லென்ஸ் இறுகுகிறது. 40 வயதுக்குப் பிறகு செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறோமே, அதே வெள்ளெழுத்துதான் முன் சைட்டையும் மங்கலாக்குகிறது. 60 வயதுவாக்கில் அந்த இளக்கம் அநேகமாகப் போய்விடும். கண்ணை இடுக்கினாலும் சிமிட்டினாலும் அது திரும்பி வராது.

மூன்றும் தெளிவாகத் தெரியாது என்றால் எதை விட்டுக்கொடுப்பது?

இலக்கை விட்டுக்கொடுங்கள். முன் சைட்டை மட்டும் விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லவந்ததில் முக்கால் பங்கு இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் நடுவிலிருந்து முன் சைட் 1 மி.மீ. விலகினால் 50 மீட்டரில் குண்டு 62 மி.மீ. தள்ளி விழும். அரை மி.மீ. என்றால் 31 மி.மீ. அந்த விலகல் கண்ணில் பட வேண்டுமென்றால் முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தாக வேண்டும். இலக்கின் கதை வேறு. வட்டமான கரும்புள்ளி ஓரம் மங்கி ஊதித் தெரிந்தாலும் அதன் நடு எங்கே என்று கண் தானாகவே கண்டுபிடித்துவிடும். மங்கலான வட்டத்துக்கும் நடு ஒன்றுதானே.

அப்படியானால் முதலில் சைட்டை மாற்றுவதா, கண்ணாடியை மாற்றுவதா?

கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். சந்தேகமே வேண்டாம்.

எனக்கு வெள்ளெழுத்து தொடங்கிய வருடம், குற்றம் சைட்டில்தான் என்று நினைத்து, ஒரு நல்ல ரைஃபிளின் பின் சைட் பள்ளத்தை அரம் போட்டு மூன்று முறை அகலப்படுத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாகத் தெரிவதுபோல இருக்கும், பிறகு பழைய கதைதான். கடைசியில் கண் பரிசோதகரிடம் போனேன். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) மாறியிருந்தது, கூடவே வெள்ளெழுத்தும். சரியான லென்ஸ் போட்டதும் முன் சைட்டின் ஓரம் மறுபடி கத்திபோலத் தெரிந்தது. அராவிய இரும்பு திரும்பி வராது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

துப்பாக்கிக்கான கண்ணாடி அன்றாடம் போடும் கண்ணாடி அல்ல. உங்கள் தூரப்பார்வை பவருடன் ப்ளஸ் 0.50 சேர்த்த ஒற்றை பவர் லென்ஸ் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். காரணம் இது. இளக்கம் போன கண்ணில் தூரப்பார்வை லென்ஸ் போட்டால் கவனம் மிகத் தொலைவில் நிற்கும், முன் சைட் மங்கும். ப்ளஸ் 0.50 சேர்த்தால் கவனம் 2 மீட்டரில் வந்து நிற்கும். முன் சைட் 1 முதல் 1.2 மீட்டரில் இருப்பதால் அது ஓரளவு கூர்மையாகிவிடும், இலக்கும் முழுதாகக் கரைந்துபோகாது. முன் சைட்டே முழுக் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் ப்ளஸ் 0.75 வரை போவதுண்டு. அதற்குமேல் போனால் இலக்கு காணாமல் போய்விடும். தூரப்பார்வைக்கு மைனஸ் பவர் போடுபவர்களுக்கும் இதே கணக்குதான். மைனஸ் 2.00 என்றால் மைனஸ் 1.50 ஆகும்.

கண் பரிசோதகரிடம் இதை எப்படிக் கேட்பது?

"துப்பாக்கிக்குக் கண்ணாடி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பலருக்குப் புரியாது. தூரத்தைச் சொல்லுங்கள். வீட்டிலேயே அளந்துகொண்டு போகலாம். முதலில் துப்பாக்கி காலிதானா என்று இடிகோலைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். காலிக் குழலில் கோல் எவ்வளவு உள்ளே போகும் என்று அதில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பீர்கள். அந்தக் கோடு குழல் வாயோடு ஒட்டி நின்றால் உள்ளே ஒன்றுமில்லை. மஸில்லோடரில் உள்ளே மருந்து கிடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, வழக்கமாகச் சுடும் நிலையில் நில்லுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று உங்கள் கண்ணாடியிலிருந்து முன் சைட் வரை நாடா பிடிக்கட்டும்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, நுனியில் 2 மி.மீ. அகலக் கறுப்பு அட்டைத் துண்டை ஒட்டி எடுத்துப் போங்கள். சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போடும்போது, குச்சியின் நுனியையும் எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையையும் மாறி மாறிப் பாருங்கள். நுனியின் விளிம்பு கூர்மையாகவும் பலகை சகித்துக்கொள்ளும் அளவு மங்கலாகவும் எந்த லென்ஸில் தெரிகிறதோ அதுதான் உங்களுக்கானது. சிலிண்டர் பவர் இருந்தால் அதையும் முழுமையாகப் போடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் மெல்லிய தகடு இரண்டாகத் தெரியும், அல்லது ஒரு பக்கம் நிழல் கட்டும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் பற்றும் மருந்தின் பொறியும் வெடித்த கேப்பின் துணுக்கும் முகத்துக்குப் பக்கத்திலேயே பறக்கும். பார்வை நன்றாக இருப்பவர்களும் கண்ணாடி இல்லாமல் இந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது.

நான் போடும் ப்ரோக்ரஸிவ் கண்ணாடியே போதாதா?

போதாது. ப்ரோக்ரஸிவ் லென்ஸில் மேலே தூரம், நடுவில் இடைத் தூரம், கீழே படிப்பு. கன்னத்தைக் கட்டையில் பதித்தால் தலை முன்னே சாயும், பார்வை லென்ஸின் மேல் உள்மூலை வழியாகப் போகும். உங்களுக்கு வேண்டிய பவர் அங்கே இல்லை. அதைத் தேடித் தலையைத் தூக்கினால் ஒவ்வொரு முறையும் கன்னம் வேறொரு இடத்தில் பதியும், குண்டும் வேறொரு இடத்தில் விழும். பைஃபோகலுக்கும் இதே பதில்.

செலவே இல்லாமல் ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் நகக்கண் அளவு ஒரு துண்டு வெட்டி, அதில் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை ஒரு துளை போடுங்கள். ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் சுத்தமாக வரும். கத்தரித்த துளையில் நூல்போல ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறு குறிபார்க்கும்போது மரக்கட்டைபோலத் தெரியும். காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பார்வை கண்ணாடியின் எந்த இடத்தில் போகிறதோ அந்த இடத்தில் இன்னொருவரை விட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் "அட!" என்பார்கள். சிறு துளை வழியாக ஒளி வரும்போது மங்கல் சுருங்கிவிடும். பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றும் ஓரளவு ஒன்றாகக் கூர்மையாகும். துப்பாக்கியில் ஓர் ஆணிகூடக் கழற்ற வேண்டியதில்லை. பழம்பொருளாகப் பாதுகாக்க வேண்டிய ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறை ஒன்று உண்டு, வெளிச்சம். கண்பாவை 4 மி.மீ. விரிந்திருக்கும்போது 1.2 மி.மீ. துளை வைத்தால், உள்ளே போகும் ஒளி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல வெயிலில் பரவாயில்லை. விடியற்காலையிலும் மரநிழலிலும் ஒன்றும் தெரியாது. ஆகவே இது இலக்குச் சுடுதலுக்கு ஏற்றது, காட்டுக்கு ஏற்றதல்ல.

பின் சைட்டை முன்னே தள்ளி வைத்தால் பலன் உண்டா?

உண்டு. பழைய நீளக் குழல் ரைஃபிள்களில் பின் சைட் குழலின் அடியிலிருந்து ஒரு சாணுக்கும் மேல் முன்னால் இருப்பதைப் பார்க்கலாம். கண்ணிலிருந்து விலக விலக அதன் மங்கல் குறையும்.

கவனம் 2 மீட்டரில் நிற்கும் கண்ணை எடுத்துக்கொள்வோம். பின் சைட் 40 செ.மீ. தூரத்தில் இருந்தால் அது 2 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) அளவு மங்கும். 55 செ.மீ.க்குத் தள்ளினால் 1.3 டயாப்டர் ஆகும். மங்கலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்கு விலை என்னவென்றால், இரண்டு சைட்டுக்கும் இடையே இருந்த 80 செ.மீ. 65 ஆகிறது. முன்பு 62 மி.மீ. தள்ளிவிட்ட அதே 1 மி.மீ. பிசகு இப்போது 77 மி.மீ. தள்ளும். நீளக் குழலில் இந்த விலையைக் கொடுக்கலாம். ஹாக்கன் என்ற 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரைஃபிள் பாணிக் குட்டைக் குழலில் எனக்கு மனம் வராது, அங்கே விட்டுக்கொடுக்க நீளம் இல்லை.

குழலில் புதிதாகக் காடி வெட்டுவதற்கு முன், சைட்டைப் பழைய காடியிலிருந்து கழற்றி, வேண்டிய இடத்தில் இரட்டைப் பக்க டேப்பில் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். சுடுவதற்கல்ல, பார்ப்பதற்கு மட்டும். காலை, நண்பகல், மாலை மூன்று வெளிச்சத்திலும் பார்த்துவிட்டுத்தான் அரத்தைத் தொட வேண்டும்.

பின் சைட் பள்ளம் எந்த வடிவில் இருக்க வேண்டும்?

பலர் தவறாக முடிவெடுப்பது இங்கேதான். கண் மங்கியதும் பள்ளம் குறுகலாக, நுணுக்கமாக இருந்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மை நேர்மாறு.

ஏன் என்று பார்ப்போம். கவனம் 2 மீட்டரில் நிற்கும் கண், 3 மி.மீ. பாவை, 50 செ.மீ. தூரத்தில் பின் சைட். அந்த பின் சைட்டின் ஒவ்வொரு விளிம்பும் 2 மி.மீ.க்கு மேல் அகலமான சாம்பல் பட்டையாகக் கசியும். பள்ளமே 1.2 மி.மீ. அகலம்தான் என்றால் இரண்டு பக்கக் கசிவும் சேர்ந்து பள்ளத்தை மூடிவிடும். வயதானவர்கள் "பள்ளமே தெரியவில்லை, குழல் மேல் ஏதோ மேடு மாதிரி இருக்கிறது" என்று சொல்வது இதைத்தான். 120 செ.மீ. தூரத்தில் இருக்கும் 2 மி.மீ. முன் சைட், பின் சைட் இருக்கும் இடத்தில் 0.8 மி.மீ. அகலமாகத்தான் தெரியும். பள்ளத்தை 2.5 அல்லது 3 மி.மீ. ஆக்கினால் இரு பக்கமும் வெளிச்சம் வரும். இடது வெளிச்சமும் வலது வெளிச்சமும் சமமா என்று பார்ப்பதில் மனிதக் கண் கெட்டிக்காரக் கண். மங்கலிலும் அந்த ஒப்பீடு தவறுவதில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை, அடி தட்டையான சதுரப் பள்ளம்தான் மங்கிய கண்ணுக்கு முதல் தேர்வு. முன் சைட்டின் மேல் விளிம்பைப் பின் சைட்டின் மேல் விளிம்போடு ஒரே கோட்டில் நிறுத்தினால் உயரம் முடிந்தது, வெளிச்சத்தைச் சமமாக்கினால் பக்கவாட்டு முடிந்தது. கூரான வி பள்ளத்தில் அடிமுனை மங்கலில் கரைந்துவிடுவதால் முன் சைட் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாது, குண்டுகள் மேலும் கீழும் சிதறும். ஆனால் ஆப்பிரிக்க வேட்டை ரைஃபிள்களில் வரும் மிக விரிந்த, ஆழமில்லாத வி வேறு ரகம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடும், மணிபோல உருண்ட பெரிய முன் சைட்டும் சேர்ந்தால் அது வேகமாகவும் தெளிவாகவும் அமையும். கொம்புபோல இரு பக்கமும் வளைந்து எழும் பக்ஹார்ன் சைட் பார்க்க அழகுதான். மங்கிய கண்ணுக்கு அந்தக் கொம்புகள் இலக்கின் பாதியை மறைத்துவிடும். அடியில் இருக்கும் சிறு பள்ளத்தை விட்டுவிட்டு, கொம்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டத்தையே துளைபோல வைத்துச் சுடுபவர்களும் உண்டு. அப்படிச் சுட்டுப் பழகிவிட்டால் மோசமில்லை.

இன்னொரு சின்ன வேலை. பின் சைட்டின் கண்ணைப் பார்த்த முகம் மினுமினுக்கிறதா என்று பாருங்கள். அந்த முகத்தை, மேல் விளிம்பு கண் பக்கம் நீட்டி நிற்க, கீழே போகப் போகச் சற்றே உள்வாங்கும்படி சாய்த்து, மங்கல் கறுப்பாக்கினால் மேலிருந்து விழும் ஒளி கண்ணில் அடிக்காது. பழைய கொல்லர்கள் பலர் இப்படிச் செய்திருக்கிறார்கள்.

முன் சைட் வெள்ளியா, பித்தளையா, கறுப்பா?

எதன் மேல் குறிவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளைத் தாள் இலக்கில் கறுப்பு முன் சைட்டைவிடத் தெளிவானது கிடையாது. மெழுகுவர்த்திப் புகையில் காட்டினால் வெல்வெட்போன்ற கறுப்பு படியும். இதைக் காலித் துப்பாக்கியில், மருந்துக் கொம்பும் கிண்ண மருந்தும் வேறு அறையில் இருக்கும்போது மட்டுமே செய்யலாம். சுடும் இடத்தில் நெருப்பே கூடாது, அங்கே கறுப்பு மார்க்கர் பேனா போதும்.

காட்டு நிழலில் கறுப்பு முன் சைட் மறைந்துவிடும். அங்கேதான் வெள்ளி, பித்தளை, எலும்புத் தகடுகள் வேலைக்கு வரும். ஆனால் பளபளக்கும் தகட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. வெயில் இடப்பக்கமிருந்து அடித்தால் தகட்டின் இடது ஓரம் மட்டும் மின்னும். கண் அந்த மின்னலையே முன் சைட் என்று எடுத்துக்கொண்டு பள்ளத்தின் நடுவில் நிறுத்தும். உண்மைத் தகடு அதற்கு வலதில் இருக்கும், குண்டு வலப்பக்கம் போகும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் குண்டு ஓடுகிறது என்று சுடுபவர்கள் சொல்வது இதைத்தான். மங்கிய கண் இதில் இன்னும் எளிதாக ஏமாறும். கண்ணைப் பார்த்த முகத்தை வானத்தை நோக்கிச் சுமார் 45 பாகை சாய்த்து அராவினால் அந்த முகம் மேலிருந்து வரும் ஒளியைச் சீராக வாங்கும். பக்க ஒளியின் தொல்லை குறையும்.

அகலத்தைக் கூட்டப் பயப்படாதீர்கள். பழைய ரைஃபிள்களின் காகிதம்போன்ற தகட்டைவிட 2 மி.மீ. தகடு வயதான கண்ணுக்கு எவ்வளவோ மேல். 120 செ.மீ. தூரத்தில் 2 மி.மீ. என்பது 50 மீட்டரில் 83 மி.மீ. அகலத்தை மறைக்கும். இலக்குப் புள்ளி அதைவிடப் பெரிதாக இருந்தால் போயிற்று.

துளை சைட் பழைய பாணிக்குப் பொருந்துமா? ஏமாற்று வேலை என்கிறார்களே?

ஏமாற்று வேலையல்ல. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜ தூரங்களில் மோதின. அமெரிக்கர்கள் பின்வழி மருந்திடும் ரைஃபிள்களை வைத்திருந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் கையில் இருந்தவை ரிக்பி மஸில்லோடர்கள். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அயர்லாந்து தோற்றது. அந்தக் காலத்து நெடுந்தூர மஸில்லோடர்கள் கட்டையின் கழுத்தில் நிற்கும் துளை சைட்டை வைத்துத்தான் சுட்டன. இது 19-ஆம் நூற்றாண்டின் சொத்து. உங்கள் ரைஃபிள் 18-ஆம் நூற்றாண்டுச் சக்கிமுக்கி ரகத்தின் நகல் என்றால் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பார்வைக்கு இதைவிட நல்லது கிடையாது. துளை கண்ணுக்கு அருகில் இருப்பதால் டேப் துளையின் பலன் அப்படியே கிடைக்கும். பின் சைட்டைப் பார்க்கும் வேலையே போய்விடும். துளையின் ஊடாகப் பார்த்தால் போதும், கண் தானாக நடுவுக்கு வரும். இலக்குச் சுடுதலுக்கு 1 முதல் 1.5 மி.மீ. துளையும், வெளிச்சம் குறைந்த இடத்துக்கு 2.5 முதல் 3 மி.மீ. துளையும் வைத்துக்கொள்ளலாம். முன்னால் தகட்டுக்குப் பதிலாகக் கூண்டுக்குள் வளையம் வைத்தால், வளையத்துக்குள் வட்ட இலக்கு. வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் நிறுத்துவது மங்கிய கண்ணுக்கும் சுலபம். வளையம் கரும்புள்ளியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, சுற்றிலும் வெள்ளை நன்றாகத் தெரிய வேண்டும்.

பொருத்துவதற்கு முன் கட்டையின் கழுத்தைப் பாருங்கள். மெலிந்த கழுத்தில் ஆணித் துளை போட்டால் மரம் பிளக்கும். கூம்புக் குண்டும் அதிக மருந்தும் இட்டுச் சுடுபவர்கள், பின்னுதைப்பில் சைட் புருவத்தில் இடிக்காதபடி இடைவெளி விட வேண்டும்.

குழலின் பின் சைட் காடியிலேயே ஒரு துளைத் தகட்டைப் பொருத்தினால்?

பார்ப்பதற்குப் பழமையாக இருக்கும், நடுவில் நிறுத்துவதும் எளிதாகும். ஆனால் கண்ணிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருப்பதால், மங்கலைச் சுருக்கும் பலன் கிடைக்காது. துளை சைட் போட்டும் தெரியவில்லை என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் இந்த வகையைத்தான் போட்டிருப்பார்கள்.

பச்சை, சிவப்பு ஃபைபர் சைட்?

வெளிச்சமாகத் தெரியும், அதில் மறுப்பில்லை. மங்கிய கண்ணுக்கு அந்தப் புள்ளி பூவாக விரிந்து இலக்கை மூடும். பழைய பாணிப் போட்டிகளில் அனுமதிக்க மாட்டார்கள். வேட்டைக்கு மட்டும், அதுவும் விதி இடம் கொடுத்தால் யோசிக்கலாம்.

போட்டி விதி, வேட்டை விதி எப்படி?

வாங்கும் முன் படியுங்கள். மஸில்லோடர் சங்கங்களின் சர்வதேசக் குழுவான எம்.எல்.ஏ.ஐ.சி. நடத்தும் போட்டிகளில் அசல் பழந்துப்பாக்கிக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. சைட் அந்தக் காலத்து வகையாக இருக்க வேண்டும் என்பதே அங்கே அடிப்படை. வேட்டையில் ஊருக்கு ஊர் மாறும். உதாரணமாக, அமெரிக்காவின் கொலராடோவில் மஸில்லோடர் பருவத்தில் தொலைநோக்கி சைட் கூடாது, இரும்பு சைட்தான். பார்வைக் குறைபாட்டுக்கென்று தனி அனுமதி தரும் இடங்களும் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

கண்புரை இருக்கிறது. சைட்டை மாற்றினால் சரியாகுமா?

புரை என்பது லென்ஸே பால்போல ஆவது. அதை எந்த சைட்டும் வெல்லாது. தாழ்ந்த வெயிலில் எல்லாம் வெளுத்துப்போய்த் தெரிகிறதென்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் அவரிடம் சுடும் பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். ஒற்றைக் கவன லென்ஸ் வைத்தால் பார்வை ஒரு தூரத்தில் நிற்கும். தூரத்துக்கு வைத்தால் பிறகு ப்ளஸ் 0.50 கண்ணாடி மேலே சொன்னபடி வேலை செய்யும். பல கவன லென்ஸ் அன்றாட வாழ்க்கைக்கு வசதி என்றாலும் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைச் சற்றுக் குறைக்கும், முன் சைட் விளிம்பில் அது தெரியும். சிகிச்சைக்குப் பின் எப்போது தோளில் பின்னுதைப்பு வாங்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடி எழுதிக்கொள்ளுங்கள். நேரான முன் சைட் திடீரென்று நெளிந்து தெரிந்தால், அல்லது பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்ததுபோல இருந்தால் அது விழித்திரைக் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், துப்பாக்கி காத்திருக்கும்.

வலது கண் மிகவும் மோசம், இடது நன்றாக இருக்கிறது. தோளை மாற்றலாமா?

மாற்றலாம். இரண்டு மூன்று மாதம் காலித் துப்பாக்கியோடு தினமும் பத்து நிமிடம் தூக்கி இறக்கிப் பழகினால் பலருக்கு வந்துவிடும். வலக்கைச் சக்கிமுக்கித் துப்பாக்கியை இடத் தோளில் வைத்தால் கிண்ணமும் அதன் தீயும் முகத்தின் பக்கம் வரும். அதனால் பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பு, இடப்பக்கம் உள்ள இடக்கை ரைஃபிளைத் தேடுங்கள். கேப் துப்பாக்கியிலும் துணுக்கு அந்தப் பக்கம்தான் தெறிக்கும்.

எந்தக் கண்ணால் சுட்டாலும் மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம், சுடும் கண்ணும் சேர்ந்து இடுங்கும். மூடவேண்டிய கண்ணின் லென்ஸில் பால்நிற டேப் ஒட்டினால் ஒளி வரும், உருவம் வராது.

கண்ணாடியும் சைட்டும் முடிவாகிவிட்டன. உயரத்துக்கு எவ்வளவு அராவுவது?

முதலில் கெட்டிப்பு முடிவாக வேண்டும். மருந்தின் அளவு, குண்டைச் சுற்றும் துணியின் தடிமன், அதில் தடவும் கொழுப்பு, இவற்றில் எது மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும். இவை நிலைத்து, குண்டுகள் ஓரிடத்தில் கூடி விழத் தொடங்கிய பிறகே அரம்.

பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ குண்டு அந்தப் பக்கம் போகும். முன் சைட்டில் எல்லாம் தலைகீழ். அதை அராவித் தாழ்த்தினால் குண்டு மேலே ஏறும். இலக்கில் உள்ள பிசகை இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் அராவ வேண்டிய அளவு வரும். 50 மீட்டரில் குண்டு 10 செ.மீ. கீழே விழுகிறது, இரண்டு சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. என்றால், 1.6 மி.மீ. எடுக்க வேண்டும். ஒரேயடியாக எடுக்காதீர்கள். 1 மி.மீ. எடுத்துவிட்டு, புதுக் கண்ணாடியோடு ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து, பிறகு மீதியைக் கால் மி.மீ. கணக்கில் எடுங்கள்.